60 லட்ச ரூபாய் லக்சுரி கார் 8 லட்சத்துக்கு... 'மெயின்டனன்ஸை நானே பார்த்துக்கிறேன்'னு வாங்கலாமா? முழு விவரம்!

ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வாலாஜாபாத் பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால் அந்த விளம்பரம் வந்து நிற்கும். ஜெர்மன் கார், கறுப்பு கலர், சன்ரூஃப், 2013 மாடல், 1.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. "விலை 8 லட்சம், நேரில் பேசிக்கலாம்." புதுசாக ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கும் காசு. பார்த்ததும் யாருக்கும் மனசு ஆடத்தான் செய்யும்.

மற்ற ஊர்க்காரர்களைவிட இந்தப் பகுதி இளைஞர்களுக்கு இன்னொரு தைரியமும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ், செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஐ.டி.ஐ, டிப்ளமோ முடித்து இந்த வரிசையில் ஏதாவது ஒரு லைனில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். "கார் பண்றவனுக்கு கார் பார்த்துக்கத் தெரியாதா?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அப்படியென்றால் அதிக கிலோமீட்டர் ஓடிய லக்சுரி காரை வாங்கி, நாமே பராமரிப்பது நடக்கிற காரியமா? சுருக்கமான பதில்: நடக்கும். ஆனால், ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகுதான். வருஷம் ஆக ஆக காரின் விலை இறங்கும். அதன் பார்ட்ஸ் விலை இறங்காது. மீதி எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது?

மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், இந்த கார்களின் வழக்கமான சரிவு. லக்சுரி காரை புதுசாக வாங்குபவர் வாரன்டி இருக்கும் வரை ஓட்டிவிட்டு அடுத்த மாடலுக்குப் போகிறவர். வாரன்டி முடிந்த காரை வாங்க ஆள் குறைவு. அதனால் விலை வேகமாக விழுகிறது.

இரண்டாவது, ஜி.எஸ்.டி மாற்றம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு செஸ் இல்லாமல் ஒரே விகிதமாக 40 சதவீத ஜி.எஸ்.டி வந்தது. அதற்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து எஸ்.யூ.வி-களுக்கு 50 சதவீதம் வரை இருந்தது. புது காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கியாக வேண்டும்.

மூன்றாவது, டெல்லி. அங்கே தேசியத் தலைநகர் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளும், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இந்த வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கிடையாது என்ற உத்தரவு அமலுக்கு வந்து, எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நேரத்தில்தான், 2015-ல் 84 லட்சம் கொடுத்து வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் எம்.எல்.350 காரை வெறும் 2.5 லட்சத்துக்கு விற்றேன் என்று டெல்லிக்காரர் ஒருவர் சொன்னது நாடு முழுக்க செய்தியானது.

அதன் பிறகு 2025 ஆகஸ்ட் 12-ம் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பர் 17-ம் தேதி, அந்தப் பாதுகாப்பு பி.எஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும்தான் என்று திருத்தியது. தமிழ்நாட்டில் இப்படி 10 வருடத் தடை கிடையாது. அதனால்தான் டெல்லி கார்கள் தெற்கே வருகின்றன. 84 லட்சம் எப்படி 2.5 லட்சம் ஆனது என்பதைக் கவனியுங்க. கார் கெட்டுப்போனதால் இல்லை, சட்டத்துக்குப் பயந்து வந்த விலை அது. இன்ஜின் நல்ல நிலையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விலையை வைத்து காரின் உடம்பைக் கணிக்க முடியாது.

கார் விலை குறைஞ்சது, பார்ட்ஸ் விலை?

யானையை யாராவது இனாமாகக் கொடுத்தால்கூட கட்டித் தீனி போட முடியுமா என்று நம்ம ஊரில் கேட்பார்கள். இந்த கார்களுக்கு அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

60 லட்ச ரூபாய் காரில் இருக்கும் கியர்பாக்ஸ் 60 லட்ச ரூபாய் காருக்காகச் செய்யப்பட்டது. ஏர் சஸ்பென்ஷனும் அப்படித்தான், ஹெட்லைட்டும் அப்படித்தான். பன்னிரண்டு வருடம் கழித்து கார் கைமாறும் விலை 8 லட்சம் ஆகிவிட்டது என்பதற்காக, கியர்பாக்ஸைச் செய்த கம்பெனி அதன் விலையைக் குறைப்பதில்லை. சின்ன காரில் ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் காரின் மதிப்பில் ஒரு சின்ன பங்கு போகும். இதில் ஒரே ரிப்பேர், வாங்கிய விலையில் பாதியைக் கேட்கலாம்.

பழைய லக்சுரி காரை விற்பவர் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் விற்கிறார். வாங்குபவரும் போட வேண்டும்.

பக்கத்து ஃபேக்டரியில் தயாரானதுதானே?

இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. பி.எம்.டபிள்யூ சென்னை ஆலை 2007 மார்ச்சில் தொடங்கியது. 2022-ல் அங்கிருந்து ஒரு லட்சமாவது கார் வெளியே வந்தது. இன்ஜின், கியர்பாக்ஸை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இங்கே அசெம்பிள் செய்து கொடுக்கிறது. ஆக்சில், சீட், வயரிங் போன்றவற்றையும் இங்கிருக்கும் சப்ளையர்களிடம் வாங்குவதாக அந்த கம்பெனி அறிவித்திருக்கிறது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்காக ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம்தான்.

ஆனால், ஆலை பக்கத்தில் இருப்பதற்கும் பார்ட்ஸ் மலிவாகக் கிடைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களை வரவழைத்துப் பூட்டும் வேலை. பூட்டுவதற்காக வரும் பாகம் கடை ரேக்குக்கு வராது. ரிப்பேருக்கான பார்ட்ஸ் தனி வழியில், கம்பெனியின் டீலர் மூலமாக வரும். தயாரிப்பு நின்றுபோன பழைய மாடல் என்றால் வெளிநாட்டு கிடங்கிலிருந்து வரும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

இன்னொன்று. ஃபேக்டரி லைனில் நிற்பவரின் திறமை, புது பாகத்தைச் சரியான டார்க்கில், சரியான வரிசையில் பூட்டுவது. பழைய காரில் முக்கியமான வேலை, எது கெட்டது என்று கண்டுபிடிப்பது. துருப்பிடித்த போல்ட் உடையாமல் கழற்றுவது வேறு கலை. லைனில் பழகிய ஒழுங்கு நிச்சயம் கை கொடுக்கும். அதுவே போதும் என்று நினைத்தால்தான் சிக்கல்.

1.5 லட்சம் கிலோமீட்டரில் என்னென்ன காத்திருக்கும்?

அதிக கிலோமீட்டர் ஓடியதே குற்றம் இல்லை. நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய 1.5 லட்சம் கி.மீ கார், வருடக்கணக்கில் கவர் போட்டு நின்ற 50,000 கி.மீ காரைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால், சில பாகங்களுக்கு இந்த வயதில் முறை வந்துவிடும்.

• டைமிங் செயின்: பி.எம்.டபிள்யூ-வின் என்47 டீசல் இன்ஜின் பிரபலமான உதாரணம். 2007 முதல் 2011 வரையிலான தயாரிப்புகளில் செயின் தேய்மானப் புகார் உலகம் முழுக்க வந்தது. செயின், இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஒட்டிய இடத்தில் இருக்கிறது. அதைத் தொட பெரிய அளவில் பிரித்தாக வேண்டும். அறுந்தால் இன்ஜினே போகும்.

• ஏர் சஸ்பென்ஷன்: மெர்சிடிஸ், ஆடி, ரேஞ்ச் ரோவரின் பல மாடல்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். ரப்பர் வெடித்தால் இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால், கசிவை ஈடுகட்ட ஓடி ஓடி கம்ப்ரஸரும் எரிந்துவிடும்.

• ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்பார்கள். ஆனால், பல ஜெர்மன் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. யாருடைய 'லைஃப்டைம்' என்பதுதான் கேள்வி. முதல் ஓனருடையதா, காருடையதா?

• கூலிங் சிஸ்டம்: பிளாஸ்டிக் குழாய் இணைப்பு, எக்ஸ்பேன்ஷன் டேங்க், வாட்டர் பம்ப். நம்ம வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும். கூலன்ட் இறங்கியது தெரியாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சின்ன பாகம், பெரிய செலவு.

• ரப்பர் புஷ், இன்ஜின் மவுன்ட்: கிலோமீட்டரோடு வயதும் சேர்ந்து தின்னும் பாகங்கள். கார் ஓடும், ஆனால் அந்த 'லக்சுரி' போய்விடும்.

நீங்களே செய்யக்கூடியது எது?

பட்டியல் நினைப்பதைவிட நீளம். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏ.சி கேபின் ஃபில்டர், வைப்பர், பல்ப், பெட்ரோல் கார் என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், முன் பிரேக் பேட். கை பழகிய ஒருவர் வீட்டிலேயே செய்யலாம். ஷோரூமில் இந்த வேலைகளுக்கு வரும் பில்லில் கணிசமான பங்கு லேபர் சார்ஜ். மிச்சம் பிடிக்கும் இடம் அதுதான்.

அதற்கு முதலில் வாங்க வேண்டியவை: நல்ல டார்க் ரென்ச், ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட், உங்கள் கார் கம்பெனிக்கு ஏற்ற ஸ்கேனர். பொதுவான ஓ.பி.டி ஸ்கேனர் இன்ஜின் கோடுகளை மட்டும் காட்டும். ஏர்பேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் தகவல்களைப் படிக்க அந்தந்த பிராண்டுக்கு ஏற்றது வேண்டும்.

ஸ்கேனர் இல்லாமல் கை வைக்கக் கூடாத வேலைகளும் இருக்கின்றன. எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில், பின் பிரேக் பேட் மாற்றும் முன் சர்வீஸ் மோடில் போட வேண்டும். போடாமல் பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் உடையும். பி.எம்.டபிள்யூ-வில் பேட்டரி மாற்றினால் புது பேட்டரி என்று காருக்குப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் பழைய பேட்டரி என்று நினைத்து சார்ஜ் செய்து புதியதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

எதில் கையே வைக்கக் கூடாது?

• ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர்: உள்ளே வெடிமருந்து இருக்கிறது.

• டீசல் காமன் ரெயில் குழாய்: இன்ஜின் ஓடும்போது அழுத்தம் 1,600 பார், சிலவற்றில் அதற்கும் மேல். நூலளவு கசிவில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது.

• ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு நிற வயர்: உயிரைப் பறிக்கும் வோல்டேஜ்.

• ஏ.சி கேஸ், கியர்பாக்ஸ் உள் வேலை, டைமிங் செயின்: தனிக் கருவியும் அனுபவமும் உள்ளவரிடம் விட்டுவிடுங்க.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வெறும் ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீங்க. இந்த கார்கள் இரண்டு டன் எடை வரை இருக்கும். சமமான கான்கிரீட் தரையும் ஜாக் ஸ்டாண்டும் இல்லாத இடத்தில், மண் தரையில், தெருவோரத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கார் பார்ப்பதற்கு முன்னால் வேலை செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்க.

கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ பாலாற்றுப் பக்கமோ ஊற்றுவது சட்டப்படியும் தப்பு. 2016 அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் அது அபாயகரக் கழிவு. கேனில் பிடித்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுங்க.

பார்ட்ஸ் எங்கே, எப்படி வாங்குவது?

இங்கேதான் உண்மையான மிச்சம் இருக்கிறது. கார் கம்பெனி எல்லா பாகத்தையும் தானே செய்வதில்லை. பாஷ், மாலே, மான், சாக்ஸ், லெம்ஃபோர்டர் போன்ற நிறுவனங்கள் செய்து தருகின்றன. அதே நிறுவனம், அதே பாகத்தை, கார் கம்பெனியின் லோகோ இல்லாமல் தன் சொந்தப் பெட்டியில் விற்கும்போது விலை குறையும். காரின் சேஸிஸ் நம்பரை வைத்து பார்ட் நம்பரைக் கண்டுபிடித்து, அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்க. "இந்த மாடலுக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் தப்பான பாகம்தான் வரும். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் பாகம் மாறும்.

சென்னையில் ஜி.பி ரோடு புது ஸ்பேர்ஸுக்கும், புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கும் பேர் போனவை. பழைய பாகம் என்றால் கதவு கண்ணாடி, ஸ்விட்ச், டிரிம் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்டதைப் பழசாக வாங்கவே கூடாது. போலி ஃபில்டரும் போலி ஆயிலும் மார்க்கெட்டில் உண்டு. பில் தராத கடையில் வாங்காதீங்க.

ஆயிலில் 5டபிள்யூ-30 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வேகன் குழுமம் மூன்றுக்கும் தனித்தனி தர அங்கீகாரம் இருக்கிறது. கார் மேனுவலில் உள்ள அந்த அங்கீகார எண் கேன் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்க.

நம்ம ரோடு, நம்ம மழை, நம்ம பெட்ரோல்

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகள், வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் கல் குவாரி டிப்பர்கள். தூசி அதிகம், பள்ளமும் அதிகம். மேனுவலில் போட்டிருக்கும் இடைவெளிக்கு முன்பே ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டிய ரோடு இது. பல பி.எம்.டபிள்யூ கார்களில் ரன்-ஃபிளாட் டயர் கொடுத்து ஸ்டெப்னி தரவில்லை. பள்ளத்தில் டயர் பக்கவாட்டில் கிழிந்தால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது டோ வண்டிதான்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் புறநகரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று கணக்கு முடித்த கார்கள் ஏலத்தில் போய், துடைத்து மெருகேற்றி மறுபடி மார்க்கெட்டுக்கு வருவது உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து சேற்றுக் கறை பாருங்க. பின் டிக்கியில் தரை விரிப்பைத் தூக்கி துரு பாருங்க. சீட்டுக்கு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்க. உள்ளே பெர்ஃப்யூம் வாசனை தூக்கலாக இருந்தால் இன்னொரு தடவை பாருங்க.

பெட்ரோல் கார் என்றால் இ20 விஷயமும் இருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெரும்பாலான கார்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கொடுத்த விளக்கத்தில், மைலேஜ் 1 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்றும், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ-க்குப் பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னது. எரிபொருள் குழாய்களையும் உங்கள் செக் லிஸ்டில் சேர்த்துக்கொள்ளுங்க.

கார் பார்க்கப் போகும்போது...

காலையிலேயே போங்க. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்க. செயின் சத்தம், புகை, சஸ்பென்ஷன் இறக்கம் எல்லாம் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். நீங்கள் போகும் முன்பே வார்ம்-அப் செய்து வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிடுங்க.

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீங்க. மீட்டரில் எண்ணைக் குறைத்தாலும், பல ஜெர்மன் கார்களில் மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் கி.மீ பதிவாகியிருக்கும். பிராண்ட் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்து செக் செய்யுங்க. விற்பதற்கு முன் ஃபால்ட் கோடுகளை அழித்திருந்தால், காரின் சுய பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று ஸ்கேனர் காட்டும். சர்வீஸ் ரெக்கார்டு இல்லை என்று சொன்னால், சர்வீஸே நடக்கவில்லை என்று வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

பேப்பர் சரியா? இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்

2025 செப்டம்பர் 23-ம் தேதி கேரளாவில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் பெரிய சோதனை நடத்தியது. பூட்டானிலிருந்து பழைய சொகுசு வண்டிகளைக் கடத்தி வந்து, வேறு மாநிலத்தில் போலி ஆவணங்களால் பதிவு செய்து விற்றதாகப் புகார். நடிகர்கள் சிலரின் வீடுகளிலும் சோதனை நடந்தது, வண்டிகள் பறிமுதல் ஆயின. ஆர்.சி புத்தகம் கையில் இருப்பது மட்டும் போதாது என்பதை இந்த விவகாரம் காட்டியது.

• பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் பெயர், இன்சூரன்ஸ், கடன், சலான், பிளாக்லிஸ்ட் எல்லாம் பாருங்க. சேஸிஸ் நம்பரை வண்டியில் நேரில் ஒப்பிடுங்க.

• வேறு மாநில வண்டி என்றால், அந்த ஆர்.டி.ஓ கொடுக்கும் தடையில்லாச் சான்று கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி, 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து குறையும் என்றாலும், கார் விலை உயர்வாக இருந்ததால் தொகை சின்னதாக இருக்காது. 'டெல்லி விலை'யைக் கேட்டதும் முதலில் இதைக் கூட்டுங்க.

• படிவம் 29, 30 கொடுத்து பெயர் மாற்றுங்க. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஓனர் கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறி கைமாறி வரும் வண்டியைத் தொடாதீங்க. பெயர் யாருடையதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விற்பவருக்கும் இது முக்கியம்.

• டீலரிடம் வாங்கினால், அவர் ஆர்.டி.ஓ அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்க. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. டீலர் ஏமாற்றினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த வழி பெரும்பாலும் கிடையாது.

• 15 வருடம் முடியப் போகும் கார் என்றால், பதிவைப் புதுப்பிக்க கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி கார் என்றால் 40,000 ரூபாய். 20 வருடம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி இது முறையே 10,000, 80,000 ரூபாய்.

• 1,500 சி.சி-க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே, 2022 ஜூன் கட்டணப்படி வருடத்துக்கு 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி தனி. முழு இன்சூரன்ஸ் எடுத்தாலும் மெக்கானிக்கல் ரிப்பேருக்கு அதில் பணம் வராது.

கடைசியில் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். கையில் 3 லட்சம், 5 லட்சம் கடன். பழைய காருக்கு 14 சதவீத வட்டி, 4 வருடம் என்று வைத்தால் இ.எம்.ஐ சுமார் 13,660 ரூபாய். வாலாஜாபாத்திலிருந்து வேலைக்குப் போக வர தினமும் 40 கி.மீ, மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ. லிட்டருக்கு 12 கி.மீ கொடுத்தால், டீசல் 92 ரூபாய் கணக்கில் சுமார் 7,700 ரூபாய். மொத்தம் மாதம் 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு ஃபில்டர்கூட மாற்றவில்லை. இத்தனைக்கும் பல கம்பெனிகள் பஸ் விடும் ரூட் இது.

இந்த நிலையில் கியர்பாக்ஸ் போனால் என்ன ஆகும்? கையில் பணம் இல்லை, இரண்டாவது கடன். கட்ட முடியவில்லை என்றால் கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், இ.எம்.ஐ ஓடிக்கொண்டே இருக்கும். வேலையோ பலருக்கு கான்ட்ராக்ட். 'நானே பார்த்துக்கிறேன்' என்ற தைரியம் லேபர் சார்ஜைத்தான் மிச்சப்படுத்தும். பார்ட்ஸ் பில்லை அது ஒன்றும் செய்யாது.

அதனால் பட்ஜெட்டை மாற்றிப் போடுங்க. மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குள் கார். மீதி மூன்றில் ஒரு பங்கு பேங்கிலேயே இருக்கட்டும். 9 லட்சம் இருந்தால் 6 லட்சத்துக்குக் கார். அந்த 3 லட்சம் ஆடம்பரம் இல்லை, காரின் விலையிலேயே ஒரு பகுதி. விளம்பரத்தில் போடாத பகுதி.

யார் வாங்கலாம்? யார் வேண்டாம்?

வாங்கலாம்: கடன் இல்லாமல் வாங்க முடிகிறவர். வேலைக்குப் போக வேறு வண்டி வைத்திருப்பவர். கார் ஒரு மாதம் நின்றாலும் குடும்பம் நிற்காது என்ற நிலையில் இருப்பவர். ரிப்பேர் செய்வதே பொழுதுபோக்கு, நிழலும் தளமும் உள்ள இடம் வீட்டில் இருக்கிறது என்பவர். இவர்களுக்கு இது நல்ல விலையில் கிடைக்கும் நல்ல கார். ஆயில் மாற்றிக் கற்றுக்கொண்டே போகலாம்.

வேண்டாம்: இது ஒன்றுதான் வண்டி என்பவர். இ.எம்.ஐ-யில்தான் வாங்க முடியும் என்பவர். ஆஸ்பத்திரிக்கும் இதுதான், ராத்திரி ஷிப்டுக்கும் இதுதான் என்பவர்.

முடிவு எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்க. பிடித்த காரின் சேஸிஸ் நம்பரை வாங்கி, கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், நான்கு டயர், ஹெட்லைட் இந்த நான்குக்கும் விலை கேளுங்க. டீலரிடம் ஒன்று, வெளியே ஒன்று. ஒரு பேப்பரில் எழுதி, கார் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அந்தப் பேப்பரைப் பார்த்த பிறகும் தூக்கம் வந்தால், டெஸ்ட் டிரைவுக்குப் போகலாம்.